அதே மடலில் இரண்டாவது கட்டி
நுரையீரல் புற்றுநோய் நுரையீரலுக்குள்ளேயே வேறோர் இடத்திலும் காணப்பட்டால் அறுவை சிகிச்சைக்கு இடமில்லை என்று, நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் பொதுப்படையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதற்கட்டி உள்ள மடலிலேயே (மடல் என்பது நுரையீரலின் பெரும் பிரிவுகளில் ஒன்று) இரண்டாவது கட்டி இருந்தால் முன்பு டி4 (முதற்கட்டியின் அளவையும் பரவலையும் குறிக்கும் டி வரிசையின் மிக உயர்ந்த படி) என்றும், அதே பக்கத்தின் வேறொரு மடலில் இருந்தால் எம்1, அதாவது தொலைவிடப் பரவல் உள்ள நான்காம் நிலை என்றும் வகைப்படுத்தினார்கள். ஆனால் இத்தகைய நோயாளிகளில் அறுவை செய்துகொண்டவர்கள், அந்த நிலைகளுக்குரிய மற்ற நோயாளிகளைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததைப் பல நாடுகளில் திரட்டிய தரவுகள் காட்டியதால், 2009இல் வெளிவந்த டிஎன்எம் (கட்டி, நிணநீர்க்கணு, பரவல் ஆகியவற்றைக் கொண்டு புற்றுநோயின் நிலையைக் குறிக்கும் முறை) ஏழாம் பதிப்பு முன்னதை டி3 ஆகவும் பின்னதை டி4 ஆகவும் இறக்கியது. எதிர்ப்பக்க நுரையீரலுக்குப் பரவிய கட்டி இன்றும் எம்1இன் உட்பிரிவான எம்1ஏ தான்; அங்கே கட்டுரையாளரின் எச்சரிக்கை பெரும்பாலும் பொருந்தும்.

நிணநீர்க்கணுக்களில் நோய் இருக்கிறதா என்பது ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கும் கேள்வி. அதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது (எனக்கு அதுதான் பெரிய குறை). மேலும், இரண்டாவது கட்டி பரவலால் வந்ததா, தனியே தோன்றிய வேறொரு புற்றுநோயா என்பதைப் பிரித்தறிய மருத்துவர்களான மார்ட்டினியும் மெலமெடும் 1975இலேயே அளவுகோல்களை வகுத்தார்கள். இப்போது திசு ஒப்பீட்டுடன் மரபணுப் பரிசோதனையும் துணைசெய்கிறது. தனித்தனிப் புற்றுநோய்கள் என்று உறுதியானால் ஒவ்வொன்றுக்கும் தனியாகவே நிலை குறிக்கப்படும், இரண்டையும் அகற்றும் வாய்ப்பும் பரிசீலிக்கப்படும்.