கிளிப் பண்ணினா ஓரம் பல்லிளிக்குதா? "ரெசல்யூஷனை ஏத்து"ன்னு மட்டும் சொல்லாதீங்க

நேற்று அந்த வட்ட லோகோ பதிவுக்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். கிளிப் பண்ணிய, அதாவது ஒரு வடிவத்துக்கு வெளியே இருப்பதை மறைத்த, லோகோவின் ஓரம் ரம்பப்பல்லாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு தம்பி கேட்டார். அறிஞர் பெருமக்கள் அருளியது: "ரெசல்யூஷனை ஏத்து", "இலவச சாஃப்ட்வேர்னா அப்படித்தான்". ஒருவர்கூட "ஜூம் பண்ணிப் பார்த்தீங்களா" என்று கேட்கவில்லை.

முதலில் ஜூம். 800 சதவீதத்தில் ஓரம் வழவழவென்று வந்துவிட்டால் பாத்தில் (வடிவத்தை வரையும் வெக்டர் கோட்டில்) குற்றமில்லை, திரை வரையும் விதத்தில்தான். இல்லஸ்ட்ரேட்டரில் (அடோபியின் கட்டண வரைகலை மென்பொருள்) கன்ட்ரோல்+ஈ தட்டி, கிராஃபிக்ஸ் சிப் வரையும் ஜிபியு ப்ரிவியூ, மெயின் சிப் வரையும் சிபியு ப்ரிவியூ இரண்டையும் ஒப்பிடுங்கள். ஜூமிலும் பல் அப்படியே இருந்தால் அது ட்ரேஸ் செய்த (படத்தைத் தானாகக் கோடாக்கிய) பாத்தின் கோளாறு. தேவையில்லாத நோடுகளை (பாத்தில் உள்ள புள்ளிகளை) குறைக்க வேண்டும், இலவச மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல்+எல். இரண்டும் வேறு வேறு நோய்.

கிளிப் என்பது "உள்ளே, வெளியே" என்று இரண்டே பதில் சொல்லும் கத்தி. ஓரத்தை மென்மையாக்க ஆன்டி-அலியாஸிங் (ஓரப் பிக்சல்களுக்கு இடைநிலை நிறம் கொடுப்பது) செய்வதா வேண்டாமா என்பதை எஸ்விஜி (வெக்டர் கோப்பு வகை) விதியே ரெண்டரரின், அதாவது கோப்பைத் திரையில் வரையும் மென்பொருளின், விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதனால்தான் ஒரே கோப்பு ஓரிடத்தில் அழகாகவும் இன்னொரு பிடிஎஃப் வியூவரில் பிசிறாகவும் தெரிகிறது. ஆகவே வெட்ட முடிந்ததைக் கிளிப் பண்ணாதீர்கள். வெட்டுங்கள்.

ஒரு நகலை மறைத்து வையுங்கள். எழுத்தை அவுட்லைனாக்குங்கள் (எழுத்து வடிவத்தையே பாத்தாக மாற்றுவது). ஸ்ட்ரோக்கை (வடிவத்தைச் சுற்றிய கோட்டை) பாத்தாக்குங்கள், இதை விட்டால் வெட்டிய ஓரத்தையும் சுற்றிக் கோடு ஓடும், ரொம்பப் பேர் மாட்டுவது இங்கேதான். குரூப்பைப் பிரித்து, ஒவ்வொரு வடிவத்தையும் வட்டத்தின் ஒரு நகலோடு இன்டர்செக்ட் செய்யுங்கள், அதாவது இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் மிச்சம் வையுங்கள். இன்க்ஸ்கேப்பில் அடியில் இருக்கும் பொருளின் நிறம்தான் மிஞ்சும், எனவே வட்டம் மேலே இருக்கட்டும்.

"கிளிப்னா பிறகு திருத்தலாமே?" நியாயம்தான். அதற்குத்தான் நகலை வைக்கச் சொன்னேன்.

"போட்டோவை எப்படி இன்டர்செக்ட் பண்றது?" நல்ல கேள்வி, நேற்று யாரும் கேட்கவில்லை. இன்க்ஸ்கேப்பில் ஆல்ட்+ஐ கொடுத்துப் படத்தைப் பேட்டர்னாக (வடிவத்தை நிரப்பும் படமாக) மாற்றிவிட்டு இன்டர்செக்ட் செய்யலாம். இல்லையென்றால் வெள்ளை நிரப்பிய வடிவத்தை மாஸ்க்காக (வெள்ளை இருக்குமிடத்தில் மட்டும் படத்தைக் காட்டும் திரையாக) வையுங்கள். மாஸ்க்குக்கு இடைநிலைச் சாம்பல் தெரியும், ஓரம் மென்மையாகும். இல்லஸ்ட்ரேட்டரில் டிரான்ஸ்பரன்சி பேனலில் மேக் மாஸ்க்.

"ரெசல்யூஷன் ஏத்தினா எனக்குச் சரியாச்சே!" ஆகும், நான் மறுக்கவில்லை. நான்கு மடங்கில் எக்ஸ்போர்ட் செய்து சுருக்கினால் பல் மங்கும். ஆனால் அது அந்த ஒரு பிஎன்ஜி படத்துக்குத்தான். வெக்டர் கோப்பை வாங்குகிறவர் கையில் பல் அப்படியே இருக்கும். ஜிஃப் என்றால் அதுவும் வேலைக்காகாது, அதில் பாதி ஒளிபுகும் பிக்சலே கிடையாது.

தம்பி போட்ட அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் தெரியும், ஓரத்தில் ஒரு வெள்ளை மயிரிழை. கிளிப் பண்ணிய வட்டத்துக்கு அடியில் அதே அளவில் வெள்ளை வட்டம் ஒன்று இருந்தால் வருவது. பிக்சலின் பாதியை மட்டும் இரண்டும் மூடும்போது, அடி நிறம் கால் பங்கு கசியும். ரெசல்யூஷனை எவ்வளவு ஏற்றினாலும் இழை மெலியும், போகாது. அடி வட்டத்தை ஆஃப்செட் பாத்தில் அரை பிக்சல் உள்ளே தள்ளுங்கள், போய்விடும்.

இதையெல்லாம் தம்பியின் பதிவுக்குக் கீழேயே எழுதினேன். "ஓவரா டெக்னிக்கல் பேசாதீங்க பாஸ்" என்று பதில் வந்தது, அதற்கு நாற்பது சிரிப்பு எமோஜி. டெக்னிக்கல் கேள்விக்கு டெக்னிக்கலாகப் பதில் சொன்னது என் தப்பாம்! தெரியாததைச் சொல்கிறவருக்கு லைக், தெரிந்ததைச் சொல்கிறவருக்குத் தலைக்கனப் பட்டம். இலவச மென்பொருளைப் பழித்தவர்களே, காசு கொடுத்த மென்பொருளிலும் எக்ஸ்போர்ட்டில் ஆன்டி-அலியாஸிங்கை 'நன்' (None, வேண்டாம்) என்று வைத்தால் இதே பல்தான் வரும். ஆர்ட் ஆப்டிமைஸ்டு என்று மாற்றிப் பாருங்கள்.

கேட்ட தம்பிக்கு: உங்கள் கோப்பில் முதலில் அந்த வெள்ளை வட்டத்தைக் கவனியுங்கள். பிறகு இன்டர்செக்ட். சரியாகாவிட்டால் எஸ்விஜியையே அனுப்புங்கள், ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.