மாணவர் இதழின் அட்டை யாருக்காக?

ஒரு மாணவர் இதழின் அட்டையைப் பார்த்தாலே அதற்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்று தெரிந்துவிடுகிறது. அதைப் படிக்கப்போவது யார் என்பதுதான் தெரிவதில்லை. நடுவில் கட்டடம், மேலே நிறுவனத்தின் முத்திரை, ஓரத்தில் சிறப்பு விருந்தினர், கீழே குழுப்படம். இதில் எதையும் மாணவர்கள் கேட்கவில்லை. குழுப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. வரிசைக்கு 14 பேர் நின்றால் ஒருவருக்கு 15 மி.மீ. கிடைக்கும். அதில் முகம் 7 அல்லது 8 மி.மீ., சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. படத்தில் இருப்பவரே தன்னைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் இல்லாதவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

ஆளுக்கொரு மூலையைப் பங்கு போட்டுக் கொடுத்து முடிக்கும்போது வாசகருக்கு இடம் மிஞ்சுவதில்லை. அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னாலேயே "நம் வாசகர் யார்" என்று ஒரே வரியில் எழுதி, குழுவில் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறேன். அதன் பிறகு படம், நிறம், எழுத்து என்று எதில் சண்டை வந்தாலும் அந்த வரியை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

"மாணவர்கள்" என்று எழுதினால் போதாது. 11 வயதுப் பிள்ளையும் 17 வயதுப் பிள்ளையும் ஒரே அட்டைக்கு மயங்கமாட்டார்கள். "பதினொன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர், இன்னும் நண்பர் கூட்டம் அமையாதவர், இடைவேளையில் நூலகத்தில் ஒதுங்குபவர்" என்று எழுதிப் பாருங்கள். பாதி முடிவுகள் தாமாகவே வந்து விழும். அவர் இதழைப் பார்க்கப்போவது நூலக அடுக்கில். பத்துப் பேர் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் படம், தான் வெளியே நிற்கிறோம் என்பதைத்தான் அவருக்கு நினைவூட்டும். நேராக அவரைப் பார்க்கும் ஒற்றை முகம் அவரைக் கூப்பிடும். வயது விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சிறியவர்கள் தங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களைப் பார்க்க விரும்புகிறார்கள். ஆறாம் வகுப்புக்கான இதழின் அட்டையில் எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருந்தால் எடுபடும். அதையே திருப்பிப்போட்டு, பெரியவர்களுக்கான இதழில் பலூனும் பென்சில் பொம்மையும் வரைந்தால், பதினேழு வயதுக்காரர் அதைப் பையில் வைத்துக்கொண்டு போகவே கூச்சப்படுவார்.

எங்கே பார்க்கப்போகிறார் என்பதும் அந்த வரியில் இருக்க வேண்டும். நூலக அடுக்கில் இதழ்கள் ஒன்றன் முன் ஒன்றாக நிற்கும்போது மேல் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படும். அதாவது ஏ4 உயரமான 297 மி.மீ.இல் சுமார் 100 மி.மீ. இதழின் பெயர், முகத்தின் கண்கள், முக்கியமான ஒரு வரியின் தொடக்கம், மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். வகுப்பு மேசையில் வைத்துக் கொடுப்பதாக இருந்தால் முழு அட்டையும் தெரியும், இவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

படம் எடுக்கும்போதே அட்டையை மனத்தில் வைத்து எடுக்க வேண்டும். செங்குத்தாக, மார்பளவு, தலைக்கு மேல் சட்டகத்தின் உயரத்தில் குறைந்தது நாலில் ஒரு பங்கு வெறுமையாக விட்டு எடுங்கள். அந்த இடத்தில்தான் இதழின் பெயர் உட்காரும். தலை சட்டகத்தின் உச்சியை முட்டிக்கொண்டிருக்கும் படத்தை எடுத்துவிட்டு, பிறகு பெயரை நெற்றிமேல் ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கிறது. வெளிச்சத்துக்குச் சன்னலோரம் போதும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குழி இருண்டுவிடும். போனின் போர்ட்ரெய்ட் மோடு பின்புலத்தை மங்கலாக்கும்போது முடியோரத்தைப் பிசிறாக வெட்டும், திரையில் தெரியாதது அச்சில் தெரியும். அதைவிட ஆளைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் முன்னால் நிறுத்தி எடுப்பது மேல். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்காமல் அட்டையில் போடாதீர்கள். அச்சாகி வந்த பிறகு கேட்பது சம்மதம் ஆகாது.

அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். சுருங்கித்தான் வரும். நீளப் பக்கம் 1600 பிக்சல் உள்ள படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் 13.5 செ.மீ.தான் நிற்கும். ஓரவெட்டோடு (தாளை வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாதிருக்க நான்கு பக்கமும் கூடுதலாக விடும் 3 மி.மீ.) சேர்த்து ஏ4 அட்டைக்கு வேண்டியது 2551 × 3579 பிக்சல். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள்.

இனி எழுத்து. தமிழ் மாணவர் இதழ்களில் அதிகம் சொதப்புவது இங்கேதான், எனக்கு அதிகம் வலிப்பதும் இதுதான். இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காகச் செய்தவை. அவை எல்லாம் ஒரே உயரம், வரிசையாக வைத்தால் பட்டை போல நிற்கும். தமிழ் அப்படி நிற்காது. "முதல் மணி" என்று ஓர் இதழுக்குப் பெயர் வைப்பதாகக் கொள்வோம். "மு"வின் வால் கீழே இறங்கும். "ல்"லின் புள்ளி மேலே நிற்கும். "ணி"யின் கொக்கி மேலே வளையும். இந்தப் பெயரை டெம்ப்ளேட்டின் பட்டைக்குள் அடைக்க எழுத்தைச் சுருக்குவார்கள், பெயர் பாதி அளவாகிவிடும். இல்லையென்றால் பட்டையோடு சேர்த்து வாலையும் புள்ளியையும் வெட்டுவார்கள். அந்தப் பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத்துக்கு மேலும் கீழும் காற்று விடுங்கள்.

பெரிய வணிக இதழ்களைப் பார்த்து, படத்தில் இருப்பவரின் தலை பெயரை லேசாக மறைக்கும்படி வைப்பது ஓர் ஆசை. அது பெயர் ஏற்கெனவே எல்லோருக்கும் மனப்பாடமான இதழுக்குச் சரி. நம் "முதல் மணி"யில் தலைமுடி போய் அந்த ஒற்றைப் புள்ளியை மறைத்துவிட்டால் "முதல மணி" என்றாகிவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் காலை மறைத்தாலும் ஊகிக்கலாம். தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடுகிறது.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால் நவீனமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். "கொ" என்பதில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், "க" நடுவில், கால் ஒரு பக்கம் என்று மூன்று தனித்துண்டுகளாக விலகி நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பெயரை மேலிருந்து கீழாக எழுதும்போதும் இதே கவனம் வேண்டும், "ணி" ஓரெழுத்து, அதைப் பிரிக்கக் கூடாது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்குக் கோடு போட்டுத் தடிமன் கூட்டினால் "ஞ", "ணை", "இ" போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். தடித்த வடிவம் உள்ள எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன: நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை. கொஞ்சம் விளையாட்டுத்தனம் வேண்டும் என்றால் பலூ தம்பி. நடுநிலைப் பள்ளி இதழுக்குப் பலூ தம்பி பொருந்தும், கல்லூரி ஆய்விதழுக்குப் பொருந்தாது. ஓர் அட்டைக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் சிதறி வந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பத்தி அமைப்பில் "வேர்ல்டு-ரெடி கம்போஸர்" தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்த வரியை அப்படியே ஒட்டினால் யூனிகோடு எழுத்துருவில் ஆங்கிலக் குவியலாகத்தான் தெரியும், முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். வரியிடைவெளி எழுத்தளவில் 1.3 மடங்குக்குக் குறைந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் அட்டை வரிகள் நான்கு போதும். ஒன்று பெரியது, 40 பாயின்ட் சுற்றி. மற்றவை அதில் பாதி. ஐந்தாவது வரியைச் சேர்த்தால் நான்கும் வலுவிழக்கும். இதில் அளவைவிடச் சொற்கள்தான் முக்கியம். "மாணவர்களும் நேர மேலாண்மையும்" என்பது உள்ளே இருக்கும் கட்டுரையின் தலைப்பு. அதை அப்படியே அட்டைக்குக் கொண்டுவந்தால் யாரும் பக்கத்தைப் புரட்டமாட்டார்கள். "நாளைக்குத் தேர்வு. இன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்கலாம்?" என்று கேட்டால் அதே கட்டுரையைத் தேடிப் போவார்கள். "நூலகத்தின் பயன்கள்" வேண்டாம், "நூலகத்தில் யாரும் தொடாத கடைசி அலமாரியில் என்ன இருக்கிறது?" என்று போடுங்கள். உள்ளே அதற்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். ஒருமுறை ஏமாந்த மாணவர் அடுத்த இதழின் அட்டையை நம்பமாட்டார்.

தமிழ்ச் சொற்கள் நீண்டவை. முகத்துக்குப் பக்கத்தில் ஒடுக்கமான இடத்தில் "தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்கு" என்ற சொல்லை வைக்கவே முடியாது, மென்பொருள் கண்ட இடத்தில் உடைக்கும். ஒரு வரிக்கு 12 எழுத்துகளுக்குள் வருமாறு சொல்லையே மாற்றுங்கள், வரியைக் கையால் உடையுங்கள். ஒற்றுப்பிழை பார்க்க அட்டையை வடிவமைத்தவர் அல்லாத இரண்டு பேர் வேண்டும். "தேர்வு பயம்" என்று 40 பாயின்டில் அச்சாகிவிட்டால் விட்டுப்போன அந்த "ப்" ஆண்டு முழுக்க நூலகத்தில் நிற்கும்.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இளைஞர்கள் என்றதும் நியான் பச்சையும் மின்னும் நீலமும் போடுவார்கள். அவை திரையின் ஆர்ஜிபி ஒளியில் பிறந்த நிறங்கள், அச்சின் நான்கு மைகளான சிஎம்ஒய்கேயில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மங்கலாகத்தான் வரும். தொடக்கத்திலேயே கோப்பை சிஎம்ஒய்கேயில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் கடைசி நாள் ஏமாற்றம் இல்லை. சிறிய கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் போதும். நான்கு மையும் சேர்ந்தால் அச்சில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். மாறாக, பெரிய கறுப்புப் பரப்பில் வெறும் கறுப்பு மை சாம்பல் தட்டும். அங்கே நான்கு மைகளையும் அதே வரிசையில் 60, 40, 40, 100 சதவீதம் என்ற கலவையில் வைக்கலாம்.

அச்சகத்துக்குப் போகும் கோப்பில் நான்கு பக்கமும் 3 மி.மீ. ஓரவெட்டு விடுங்கள், வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே 8 மி.மீ.க்குள் எழுத்து எதுவும் வர வேண்டாம். நடுவில் பின் அடித்த இதழ் என்றால் மொத்தப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். பசையால் ஒட்டும் ஒட்டுக்கட்டு என்றால் முதுகின் தடிமனைக் கணக்கிட வேண்டும்: 80 பக்கம் என்றால் 40 தாள், தாள் 0.1 மி.மீ. தடிமன் என்றால் முதுகு 4 மி.மீ. முன்னும் பின்னும் முதுகும் சேர்த்து 424, ஓரவெட்டோடு 430 × 303 மி.மீ. நாலு மி.மீ. முதுகில் பெயரை எழுத முயலாதீர்கள், கொஞ்சம் நகர்ந்தாலும் முன்னட்டைக்கு வழிந்துவிடும். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) தாளில் முதுகைத் தாண்டி அடர்நிறம் ஓடினால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், முன்கூட்டியே மடிப்புத்தடம் போடச் சொல்லுங்கள்.

இன்றைக்குப் பாதிப் பேர் இதே அட்டையைப் போனில்தான் பார்க்கிறார்கள். 210 மி.மீ. அகலம் அங்கே 70 மி.மீ. ஆகிறது, 18 பாயின்ட் எழுத்து 6 ஆகிறது. ஆகவே அச்சு அட்டையைச் சுருக்கி அனுப்பாமல், 1080 × 1350 பிக்சலில் பெயரும் முகமும் ஒரே ஒரு வரியும் மட்டும் உள்ள தனிப் படம் செய்யுங்கள். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளிவேறுபாடு, இணைய அணுகல்தன்மை விதிப்படி சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும். அதை அளக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன.

முடிப்பதற்கு முன் அட்டையை உண்மை அளவில் அச்செடுத்து, இதழில் சம்பந்தப்படாத ஐந்து மாணவர்களிடம் மூன்று விநாடி மட்டும் காட்டி மறைத்துவிடுங்கள். "இது யாருக்கான இதழ்? உள்ளே என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஐந்தில் மூன்று பேர் "ஆண்டு மலர்" என்றோ "பள்ளிச் சிற்றேடு" என்றோ சொன்னால் படத்தை மாற்றுங்கள். யாருக்கு என்பதைச் சரியாகச் சொல்லி, உள்ளே என்ன என்று தெரியவில்லை என்றால் பெரிய வரியை மாற்றுங்கள். குழுவுக்குள் இரண்டு அட்டைக்கு இடையே இழுபறி என்றால் இரண்டையும் பழைய இதழ்களின்மேல் சுற்றி நூலக அடுக்கில் ஒரு நாள் வைத்து, எது எத்தனை முறை கையில் எடுக்கப்படுகிறது என்று எண்ணுங்கள். அடுத்த நாள் இடத்தை மாற்றி வைத்து மறுபடி எண்ணுங்கள், ஏனென்றால் கதவுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் எப்போதும் முதலில் எடுப்பார்கள்.