பெட்டைக் குட்டி எண்டால் வேண்டாமாம்

நாய் வளர்ப்பது நல்லதா, கூடாதா என்று பேச்சு வந்தால் எங்கள் ஊரில் உடனே இரண்டு பக்கம் பிரிந்துவிடும். ஒரு பக்கம் காவல், துணை, அன்பு என்று சொல்லும். மற்றப் பக்கம் விசர்நாய்க்கடி, உண்ணி, ராத்திரி முழுக்கக் குரைப்பு என்று சொல்லும். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டு பக்கமும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் நன்மையைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையிலேயே பிள்ளைகள் எல்லோரும் கனடா, லண்டன் என்று போய்விட, பெரிய வளவில் தனியாக இருக்கிற முதியவர்கள் பலர். அதில் ஒரு மாமி காலையில் படலையைத் திறக்கும்போதே நாயோடு பேச்சைத் தொடங்கிவிடுவார். கரண்ட் பில் கூடினதும், சந்தையில் முருங்கைக்காய் விலையும் எல்லாம் அதற்குத்தான் சொல்லுவார். மத்தியானம் சூடை மீன் தலையைப் பிசைந்து சோறு வைப்பார். அது சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். நாய்க்குச் சமைக்க வேண்டும் என்பதற்காகவே தானும் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறார். மகன் வாரத்தில் ஒருநாள் வட்ஸ்அப்பில் எடுப்பார். மிச்ச ஆறு நாளும் அந்த வீட்டில் கேட்கிற பேச்சுக்கு நாய்தான் காரணம். இதைவிடப் பெரிய நன்மை எனக்குத் தெரியவில்லை.

சரி, ஆபத்து? விசர்நாய்க்கடி நோயின் குறிகள் வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. மனிதருக்கு அது வருவதில் 99 சதவீதம் வரை நாயால்தான். குட்டி தானே, சின்னக் கீறல் தானே என்று விடுவதுதான் மிகவும் பயம். குட்டிக்கும் அந்த நோய் இருக்கலாம். கடித்தாலோ, நகம் கீறினாலோ, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசும் இல்லை. பூனை கடித்தாலும் இதே கதைதான். பூனையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் ஒழுங்காக ஊசி போட்டு வளவுக்குள் நிற்கிற நாயால் ஊருக்கு வருகிற ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து ரோட்டில் நிற்கிறது. ரோட்டு நாய்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். குட்டி வேண்டும் என்று வருகிறவர் முதலில் தூக்கி, கவிழ்த்துப் பார்ப்பார். கடுவன் என்றால் கொண்டுபோவார். "பெட்டையோ? ஐயோ, வேண்டாம், பிறகு குட்டி போட்டுக் கரைச்சல்" என்று திரும்ப வைத்துவிடுவார். மிஞ்சுகிற பெட்டைக் குட்டிகள் உரப்பைக்குள் போகும். பொழுதுபட்ட பிறகு சந்தைப் பக்கம், கோயில் வீதி, இல்லாவிட்டால் ஆள் நடமாட்டம் இல்லாத வயற்கரை. பையை அவிழ்த்துக்கூட விடாமல் போன ஒன்றை நான் கண்டிருக்கிறேன். நாலு குட்டி. இரண்டுக்குக் கண்ணே திறக்கவில்லை.

தப்புகிற குட்டி ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினை ஒன்பது கிழமைதான். வருடத்துக்கு இரண்டு ஈற்றுக்கூடப் போடும். ஒருவரும் ஊசி போடாத அந்தக் குட்டிகள்தான் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிளைத் துரத்துகின்றன. அப்போது பிரதேச சபை என்ன செய்கிறது என்று கேட்கிறோம். சபைக்கும் பொறுப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இலங்கையில் 2006 இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. அது சரியான கொள்கை. ஆனால் கொல்லாமல் விட்டால் கருத்தடையும் ஊசியும் அதே வேகத்தில் நடக்கவேண்டும். ஊர் ஊராக, சொன்ன திகதியில், நடக்கவேண்டும்.

கருத்தடை பாவம் என்று சொல்கிறவர்களோடு எனக்குக் கோபமே வருகிறது. உரப்பை பாவம் இல்லையா? பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற நோய் வராது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் முலைக் கட்டிகளும் மிகக் குறைவு. குணமும் கெடாது, காவலும் குறையாது. மாமியின் நாயும் பெட்டைதான், கருத்தடை செய்ததுதான். அந்தப் படலையை அறிமுகம் இல்லாத ஒருவர் திறந்து பார்க்கட்டும்.

இன்னொன்று. காசு இருக்கிறது என்று ஹஸ்கி வாங்கி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் கட்டி வைக்கிறவர்களே, அது பனிநாட்டு நாய். நாய்க்கு எங்களைப் போல உடம்பு முழுக்க வியர்ப்பதில்லை, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். எங்கள் ஊர் நாய்க்கு இந்த வெயில் பழக்கம். அதையே எடுங்கள்.

கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் யாராவது பெட்டைக் குட்டி எடுக்க யோசித்து, கருத்தடைக்கு யார் கொண்டுபோவது என்று தயங்கினால் உள்பெட்டியில் எழுதுங்கோ. மிருக வைத்தியரிடம் நாள் எடுக்கிறதுக்கும், ஓட்டோவில் குட்டியைப் பிடித்துக்கொண்டு வாறதுக்கும் நான் கூட வருவேன்.