நெட்டு கட்ட நாங்கள் வேண்டும், ஆட மட்டும் வேண்டாமா?

போன மே மாதம் நடந்தது. இத்தனை நாள் கழிந்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 48 வயசு. ஊர், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில். பதினைந்து வயசில் வாலிபால் ஆடத் தொடங்கியவன், இன்னும் விடவில்லை. எங்கள் கரையில் வாலிபாலுக்கென்று ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15-ம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது போக மிச்ச நேரமெல்லாம் ஆண்கள் கரையில்தான். கிழக்கே தங்கச்சிமடத்திலிருந்து வடக்கே தொண்டி வரைக்கும் எந்த ஊர்ப் பொட்டலிலாவது சாயங்காலம் நெட்டு கட்டியிருக்கும். போட்டி நோட்டீசும் அப்போதுதான் ஒட்டுவார்கள்.

இந்தத் தடவை நாங்கள் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டோம். வேதாளை, பெரியபட்டினம், பனைக்குளம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், எங்கள் ஊர் என்று நாற்பது தாண்டியவர்களை வைத்து ஆறு டீம் சேர்ந்தது. எல்லாரும் அவரவர் ஊரில் ஒரு காலத்தில் பேர் சொல்ல ஆடியவர்கள். வாலிபால் சங்கத்துப் பொறுப்பில் இருப்பவரை நேரில் போய்ப் பார்த்தோம். "வழக்கமா நடத்துற போட்டியிலயே நாப்பது வயசுக்கு மேல ஒரு பிரிவு வைங்கண்ணே. ஒரு காலை நேரம் மைதானம் குடுங்க, ரெண்டு ரெஃப்ரி குடுங்க, போதும். பரிசுப்பணம் வேண்டாம், நுழைவுக் கட்டணம் நாங்களே கட்டுறோம்" என்று சொன்னோம். "பாத்துக்கலாம் தம்பி, நம்ம பசங்கதானே நீங்க" என்றார். அதோடு நன்கொடை ரசீதுப் புத்தகத்தையும் எடுத்து வைத்தார். ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தோம்.

நோட்டீஸ் வந்தது. நன்கொடையாளர் வரிசையில் எங்கள் பேர் எல்லாம் இருந்தது. நாற்பது வயசுப் பிரிவு இல்லை.

கேட்டதற்கு, "உங்களுக்காக ஸ்பெஷலா காட்சிப் போட்டி வச்சிருக்கோம்" என்றார்கள். ஒரே செட், 15 பாயிண்ட். நேரம், மதியம் ஒரு மணி. மே மாதம் எங்கள் மணலில் மதியம் ஒரு மணிக்கு வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன நேரம் என்று தெரியும். சரி, கிடைத்தவரைக்கும் ஆடுவோம் என்று ஒப்புக்கொண்டோம்.

அன்றைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே போய் மைதானத்தைத் தயார் பண்ணியதும் நாங்கள்தான். தண்ணீர் தெளித்து மண்ணை அமுக்கினோம், சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டோம், கம்பம் நட்டோம். நெட்டை டேப் வைத்து அளந்து, சரியாக 2.43 மீட்டரில் இழுத்துக் கட்டியவர் எங்கள் லிஃப்டர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர். 52 வயசு, விசைப்படகுத் தொழிலாளி. வலைக் கயிறு அறுத்து அறுத்து இரண்டு உள்ளங்கையிலும் கோடு மாதிரி காய்ப்பு ஏறியிருக்கும். விரலுக்கு பிளாஸ்டர் சுற்றிக்கொண்டுதான் பந்து தூக்குவார். கச்சான் காற்று அடிக்கும்போது பந்து எவ்வளவு தூரம் தள்ளிப்போய் விழும் என்பது அவருக்கு விரலிலேயே தெரியும். காற்று வாங்கட்டும் என்று ஒரு சாண் முன்னாலேயே தூக்கிவிடுவார், அடிக்கிறவன் கைக்குப் பந்து தானாக வந்து நிற்கும். இதை எந்தக் கோச்சிங் கேம்ப்பிலும் சொல்லிக் கொடுக்க முடியாது. முப்பது வருஷம் இந்தக் கரையில் ஆடினால்தான் வரும்.

ஆட்டம் தொடங்கியது. நாங்கள் 11, பெரியபட்டினம் 9. வேடிக்கை பார்க்க வந்த பொம்பளைகள், பிள்ளைகள், காலையில் தோற்றுப்போன இளவட்டங்கள் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு இந்த ஆட்டத்துக்குத்தான் அவ்வளவு கைதட்டல் விழுந்தது என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். அடுத்த சர்வீஸ் போட லிஃப்டர் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார். அப்போது மைக்கில், "சிறப்பு விருந்தினர் வந்துட்டாங்க, பெரியவங்க கொஞ்சம் கிரவுண்டை விட்டு ஒதுங்கிக்கங்க" என்று சத்தம். ரெஃப்ரி விசில் ஊதி நிறுத்திவிட்டார்.

சரி, மாலை போட்டு முடித்ததும் மிச்ச நாலு பாயிண்ட்டை ஆடவிடுவார்கள் என்று ஓரமாக நின்றோம். லிஃப்டர் பந்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தார். பொன்னாடை, பேச்சு, போட்டோ என்று முக்கால் மணி நேரம் ஓடியது. அப்புறம் கமிட்டிப் பையன் ஒருத்தன் வந்தான். "குடுங்க மாமா, செமி ஃபைனலுக்குப் பந்து வேணும்" என்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான் எங்கள் ஆட்டம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விரலில் இருந்த பிளாஸ்டரை ஒவ்வொன்றாக உரித்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். கோபமெல்லாம் சங்கத்தை நடத்துகிறவர்கள் மேல்தான். மைதானம் பெருக்க, கோடு போட, சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ண, ஸ்பான்சர் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் நாற்பது வயசு ஆள் வேண்டும். பந்தைத் தொடும்போது மட்டும் வயசு கண்ணுக்குத் தெரிந்துவிடுமா?

"ஓபன் போட்டிதானே, யார் வேணாலும் ஆடலாம், உங்களை யார் தடுத்தது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்கு அதிகமாகப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபத்திரண்டு வயசுப் பையன் நெட்டுக்கு மேலே முழங்கை தெரிய எழும்பி அடிக்கிறான். ஐம்பது வயசு ஆள் அவனுக்கு எதிரே நின்றால் முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நம் ஊர்க் கபடியில் என்ன செய்கிறோம்? 55 கிலோ, 65 கிலோ என்று எடை போட்டுத்தானே பிரிவு வைக்கிறோம். ஒல்லிப் பையனை "ஓபன்தானே, போய் ஆடு" என்று குண்டுப் பையனோடு மோதவிடுவதில்லை. எடைக்குக் காட்டுகிற நியாயத்தை வயசுக்கும் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

இது நானாகக் கிளப்பிவிட்ட ஆசையும் இல்லை. உலகத்தில் மற்ற ஆட்டங்களில் என்றைக்கோ வந்துவிட்டது. மூத்தோர் தடகளத்தில் 35 வயசில் தொடங்கி ஐந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு பிரிவு. ஆண்களுக்கு 800 கிராம் ஈட்டி என்றால், 50 வயசில் 700, 60-ல் 600, 70-ல் 500, 80 தாண்டியவருக்கு 400 கிராம். வயசான உடம்புக்குத் தகுந்தபடி ஈட்டியின் எடையைக் குறைத்தார்கள், ஆளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அதே மாதிரி எங்களுக்கு நெட்டை நாலு விரற்கடை இறக்கிக் கட்டினால் ஆகாதா? பேட்மின்டனில் உலக மூத்தோர் போட்டி 35 வயசிலிருந்து இருக்கிறது, டேபிள் டென்னிஸில் 40-லிருந்து. செஸ்ஸில்கூட 50, 65 என்று இரண்டு பிரிவு. உலக மாஸ்டர்ஸ் விளையாட்டுகள் 1985-ல் டொரண்டோவில் தொடங்கியவை. 2017-ல் ஆக்லாந்தில் நடந்தபோது நம் நாட்டு மன் கௌர் பாட்டி 101 வயசில் 100 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். அவர் ஓடத் தொடங்கியதே 93 வயசில். எங்கள் லிஃப்டருக்கு இன்னும் 41 வருஷம் பாக்கி இருக்கிறது.

நம் மாநிலத்து முதலமைச்சர் கோப்பை வந்தது நல்ல விஷயம், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதனால்தான் வெளியூர் மைதானத்தையே பார்த்தார்கள். அதிலும் பொதுமக்கள் பிரிவு 15 வயசில் தொடங்கி 35-ல் முடிந்துவிடுகிறது. அரசு ஊழியருக்குத் தனிப் பிரிவு உண்டு. கடலுக்குப் போகிற 36 வயசுக்காரன் எந்தப் பிரிவில் போய் நிற்பான்? ஆனால் சங்கத்துப் பதவிக்கு வயசு என்ன தெரியுமா? 2011-ம் ஆண்டு தேசிய விளையாட்டு விதித்தொகுப்பு நிர்வாகிகளுக்கு வைத்த உச்ச வயது 70. நாற்காலியில் உட்கார 70 வயசு வரை தெம்பு இருக்கும், களத்தில் நிற்க 40-லேயே போய்விடுமாம்.

"ஆடும்போது நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்தா யார் பொறுப்பு?" இது அடுத்த கேள்வி. பயம் நியாயமானதுதான், அதை நான் தள்ளிவிடவில்லை. பிபி, சுகர் பார்த்து டாக்டரிடம் எழுதி வாங்கி வா என்று சொல்லுங்கள், வாங்கி வருகிறோம். மைதானத்தில் 108 நிற்கட்டும். மதியம் ஒரு மணிக்கு விடாமல் காலை ஆறு மணிக்கு ஆடவிடுங்கள். அதைவிட்டு ஆட்டமே வேண்டாம் என்றால், நாங்கள் படகில் வலை இழுக்கும்போது நெஞ்சு வலிக்காதா? வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வலை இழுக்கிறவனுக்கு ஆட்டம் ஆடத் தெம்பு இருக்காது என்று கரையில் உட்கார்ந்து எப்படி முடிவு பண்ணுகிறீர்கள்? பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். அறுபது வயசு தாண்டிய அம்மாமார்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தென்கடலில் மூச்சை அடக்கி முங்கிப் பாசி எடுத்து வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு நீச்சல் போட்டி வைக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எங்கள் பக்கத்தில் யாருக்காவது தோன்றியதா? மூத்தோர் பிரிவு என்று நான் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆண்கள் எங்களுக்காவது ஒரு செட் காட்சிப் போட்டி கிடைத்தது.

தொண்டி, நம்புதாளைப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி விடுவார்கள். அதில் சுக்கான் பிடிக்க நரைத்த தலையைத்தான் தேடுவார்கள், காற்று திரும்புவது அவருக்குத்தான் முதலில் தெரியும் என்று. அந்த மரியாதை அதே கரையில், அதே ஆளுக்கு, பந்து மைதானத்தில் ஏன் இல்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இருபது வயசில் சவுதிக்கும் துபாய்க்கும் போனவர்கள்! ஆடுகிற வயசு முழுக்க அங்கே போய்விட்டது. வெள்ளிக்கிழமை லீவில் கேம்ப்புக்குப் பின்னால் இருக்கிற மணலில் கயிறு கட்டி ஆடியதுதான் அவர்களுக்கு மிச்சம். தங்கச்சி கல்யாணம், வீடு, பிள்ளை படிப்பு எல்லாம் முடித்து நாற்பத்தைந்தில் ஊருக்கு வந்து, இனி ஆடலாம் என்று ஷூ வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எங்கள் ஆறு டீமில் பாதிப் பேர் இப்படித்தான். பனைக்குளத்துக் காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருத்தர் என்னிடம், "எனக்கு இருவத்தஞ்சு வயசுல எவன் நோட்டீஸ்லயும் என் பேர் வரல மாப்ள, இப்பவாவது வரட்டும்" என்றார். வந்தது, நன்கொடையாளர் பட்டியலில்.

பிள்ளைகளுக்குப் போட்டியாக நாங்கள் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது, அதற்குச் சான்றிதழ் வேண்டும். பணமும் பயிற்சியும் முதலில் அவர்களுக்குத்தான் போக வேண்டும். என் மகனும் ஆடுகிறான், இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. எங்களுக்குச் சான்றிதழும் வேண்டாம், டி-ஷர்ட்டும் வேண்டாம். ஆனால் அப்பன் முப்பத்தைந்தோடு பந்தைக் கீழே வைத்துவிட்டு மாத்திரை டப்பாவை எடுப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளை எத்தனை வருஷம் ஆடும்? ஒரு பக்கம் அரசாங்கம் மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-லிருந்து சுகர், பிபி மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. எட்டு கிலோமீட்டர் நடங்கள் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் நடைபாதை போட்டுத் தருகிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் வாரத்துக்கு ஆறு நாள், காசு செலவில்லாமல், வியர்வை கொட்டக் கொட்ட அசைக்கிறோம் என்கிறோம். பேரிலேயே அமெச்சூர் என்று போட்டுக்கொண்டிருக்கிற சங்கங்கள், அந்தச் சொல்லுக்கு ஆசைப்பட்டு ஆடுகிறவன் என்று அர்த்தம் என்பதையாவது ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டாமா?

அடுத்த தடைக்காலமும் ஏப்ரல் 15-ல்தான் தொடங்கும். அதற்கு முன்னால் நோட்டீஸ் அடிப்பீர்கள், எங்களிடம்தான் பணத்துக்கு வருவீர்கள். ஆறு டீமும் அப்படியே இருக்கிறது, ஏழாவதாகத் தொண்டியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து நெட்டையும் நாங்களே கட்டுகிறோம். ஆனால் இந்தத் தடவை ரசீதில் கையெழுத்துப் போடும் முன்னால் நோட்டீஸ் புரூஃபைக் காட்டுங்கள். "40 வயதுக்கு மேற்பட்டோர், காலை 6 மணி" என்ற வரி அதில் இருக்க வேண்டும். மிச்சம் இருக்கிற நாலு பாயிண்ட்டை பெரியபட்டினத்தோடு ஆடி முடிக்க வேண்டியிருக்கிறது.