விற்காத பழி மட்டும் எழுதியவர் தலையில்

"உங்க முந்தைய புத்தகம் சரியாப் போகலையே." இந்த வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. புதிய கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் நாமே போன் போட்டுக் கேட்டால் கிடைக்கிற பதில் இதுதான். பிரதியைப் படித்தார்களா, எந்த அத்தியாயம் தொய்கிறது, எதையாவது திருத்தினால் சரிவருமா, ஒரு பேச்சும் கிடையாது. பழைய விற்பனை எண்ணைத் திரையில் பார்த்துச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறார்கள்.

மறுப்பது அவர்கள் உரிமை. பணம் போடுகிறவர்கள் வேண்டாம் என்று சொல்லத்தான் செய்வார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த முந்தைய புத்தகம் ஏன் போகவில்லை என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறார்களா?

ஒரு புத்தகம் கடைக்கு வருவதற்குள்ளேயே அதன் தலையெழுத்தில் பாதியை எழுதி முடித்துவிடுகிறார்கள். எத்தனை பிரதி அச்சடிப்பது, என்ன விலை வைப்பது, எந்த மாதம் வெளியிடுவது, மதிப்புரைக்கு யார் யாருக்கு அனுப்புவது, விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவதா வேண்டாமா, எல்லாம் பதிப்பகத்துக்குள் முடிவாகிறது. சில பெரிய கடைகளில் வாசலுக்கு நேரே மேசையில் அடுக்கியிருக்கும் புத்தகங்களுக்கு அந்த இடம் பதிப்பகம் கொடுத்த காசில் வந்தது என்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. இதில் எந்த முடிவில் எழுதியவருக்குப் பங்கு இருக்கிறது? அட்டையை மட்டும் காட்டுவார்கள். கருத்துச் சொன்னால், அச்சுக்குப் போய்விட்டது என்பார்கள்.

குறைவாக அச்சடித்தால் சில கடைகளுக்குத்தான் போகும். சில கடைகளில் மட்டும் இருந்தால் கொஞ்சம்தான் விற்கும். கொஞ்சம் விற்றதைக் காட்டி அடுத்த புத்தகத்தை இன்னும் குறைவாக அச்சடிப்பார்கள். மூன்றாவதுக்கு வாசல் கதவே திறக்காது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிற வேலையை அவர்கள் செய்துவிட்டு, பதிவேட்டில் எழுதியவர் பெயருக்கு நேரே எண்ணை மட்டும் போட்டுவைக்கிறார்கள். அந்த எண்ணுக்குக் காரணமான முடிவுகளை எடுத்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் இன்னொரு பெரிய பதிப்பகமான சைமன் அண்ட் ஷுஸ்டரை வாங்கக் கூடாது என்று அந்நாட்டு அரசே போட்ட வழக்கு. உலகின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்றின் தலைவர் சாட்சி சொல்ல வந்து, இந்தத் தொழிலில் வெற்றி தற்செயலாக வருவது என்றார். பெருந்தொகை முன்பணம் கொடுத்து வாங்கிய புத்தகங்களில்கூட நிறைய அந்தப் பணத்தைத் திருப்பி ஈட்டுவதில்லை என்பதும் அங்கே வெளிவந்தது. அக்டோபர் கடைசியில் நீதிபதி அந்த இணைப்பைத் தடுத்தார். அது இருக்கட்டும். நீதிமன்றத்தில் தற்செயல் என்று சொல்லப்படுவது எங்களிடம் பேசும்போது மட்டும் எழுதியவரின் குறையாக ஆவது எப்படி? முந்தைய புத்தகம் தோற்றது தற்செயல் என்றால் அடுத்ததும் தோற்கும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இப்போது கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது, "உங்களுக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்?" விற்றுத் தருவதற்காகத்தானே அட்டை விலையில் பெரும்பகுதியைப் பதிப்பகமும் விநியோகஸ்தரும் கடையும் எடுத்துக்கொள்கிறார்கள்? எழுதியவருக்கு வருவது பெரும்பாலும் பத்து சதவீதமோ அதற்கும் கீழோ. அதையும் வைத்துக்கொண்டு விற்கிற வேலையையும் நாமே பார்க்க வேண்டுமாம்.

அப்புறம் ஆறுதல் சொல்கிறவர்கள். மறுக்கப்பட்டு மறுக்கப்பட்டுக் கடைசியில் கோடிகளில் விற்ற எழுத்தாளர் கதையை யாராவது ஒருவர் கட்டாயம் எடுத்துவிடுவார். எனக்கு அந்தக் கதை வேண்டாம். பார்பரா பிம் கதையைச் சொல்லுங்கள். இங்கிலாந்துக்காரர், ஆறு நாவல்கள் வெளிவந்தவர். ஏழாவதை 1963ல் அவருடைய பதிப்பகமே திருப்பி அனுப்பியது. மற்ற பதிப்பகங்களும் கைவிரித்தன. 1961க்குப் பிறகு 1977 வரை அவருடைய புது நாவல் ஒன்றுகூட அச்சில் வரவில்லை. ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1977ல் டைம்ஸ் லிட்ரரி சப்ளிமென்ட் இதழ், உரிய மதிப்புக் கிடைக்காத எழுத்தாளர் யார் என்று கேட்டபோது, கவிஞர் ஃபிலிப் லார்கினும் அறிஞர் டேவிட் செசிலும் இவர் பெயரைச் சொன்னார்கள். அதே ஆண்டு அவர் நாவல் வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. 1980 ஜனவரியில் இறந்துபோனார். நடுவில் போன அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? அவர் எழுத்து ஒரே இரவில் நன்றாகிவிட்டதா? இரண்டு பெரிய பெயர்கள் சொன்னதும் பதிப்பாளர்களுக்குக் கண் தெரிந்தது, அவ்வளவுதான். இதைக் கேட்டபிறகும் என்னிடம் வந்து மனசைத் தேற்றிக்கொள், தியானம் செய், விற்பனை எண்ணைப் பார்க்காதே என்று சொல்கிறவர்கள்மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்களுக்கு மனநோய் இல்லை. நியாயமான ஏமாற்றம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

காரணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ராயல்டி கணக்கை, அதாவது விற்பனையில் எழுதியவருக்குச் சேரும் பங்கைக் காட்டிப் பதிப்பகம் அனுப்பும் கணக்கை, எடுத்துப் பாருங்கள். எனக்கு வந்தது ஒரே ஒரு தாள், பொடி எழுத்து. மேலே விற்பனை. அடுத்த வரியில் கடைகளிலிருந்து திரும்பி வந்தவை, கழித்தல் குறியோடு. அதற்குக் கீழே 'ரிட்டர்ன் ரிசர்வ்' என்று இன்னொரு கழித்தல். இனிமேல் திரும்பி வரலாம் என்று அவர்கள் நினைக்கிற பிரதிகளுக்காக இப்போதே பிடித்து வைத்த பணம். கடைசியில் நாம் அவர்களுக்குக் கடன்பட்டது மாதிரி ஒரு தொகை. ஒப்பந்தத்தைப் புரட்டினால் 'நியாயமான அளவு' பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எது நியாயம் என்று முடிவு செய்வதும் அவர்களே.

விற்காத பிரதியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற ஏற்பாடு 1930களின் பெருமந்தத்தில், பயந்துபோயிருந்த கடைகளைப் புத்தகம் வாங்க வைக்க அமெரிக்கப் பதிப்பாளர்கள் பரவலாக்கியது. மந்தம் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஏற்பாடு மட்டும் போகவில்லை. பதிப்பகத்துக்கு ஒரு புத்தகத்தின் நட்டத்தை இன்னொன்றில் எடுக்க வழி உண்டு. எழுதியவருக்கு அந்த ஒரு புத்தகம்தான். திரும்பி வந்த கட்டுகள் காகிதக் கூழுக்குப் போகும்போது ஒரு தகவல்கூடச் சொல்வதில்லை.

சரி, விற்காத புத்தகத்தின் உரிமையையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால், புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது என்கிறார்கள். கிடங்கில் ஒரு பிரதி இல்லை. யாராவது ஆர்டர் கொடுத்தால் ஒன்று அடித்துத் தர முடியும், மின்னூலாகவும் கிடக்கிறது, அதனால் அச்சில் இருப்பதாகக் கணக்கு. விற்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள்.

புதிதாகக் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் பதிப்பில் எத்தனை பிரதி என்பது எழுத்தில் வேண்டும். ரிசர்வுக்கு ஒரு உச்சவரம்பும், அதை விடுவிக்க ஒரு தேதியும் வேண்டும். வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை தானாக எழுதியவரிடம் திரும்ப வேண்டும். "எல்லாரும் இதே ஒப்பந்தத்துலதான் கையெழுத்துப் போடுறாங்க" என்பார்கள். நீங்கள் போடாதீர்கள். அந்த மூன்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அப்புறம் பேனாவை எடுங்கள்.