பாக்தாத் வீழ்ந்தது, சமையல் குறிப்புகள் அழியவில்லை

"1258இல் மங்கோலியர்கள் பாக்தாத்தை அழித்தபோது அங்கிருந்து ஆண்ட அப்பாஸியக் கலீபாக்கள் காலச் சமையல் குறிப்புகளும் அழிந்துவிட்டன, இன்று அந்தப் பெயரில் பரிமாறுவதெல்லாம் கற்பனை" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

10ஆம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த நூலில் 600க்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. 1226இல் அல்-பக்தாதி எழுதிய நூலின் கைப்பிரதி இஸ்தான்புல்லில் இருக்கிறது. இரண்டுமே ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

அல்-பக்தாதி சொல்லும் சிக்பாஜ் என்ற புளிப்பு இறைச்சிக் குழம்பைப் பாருங்கள். கொழுப்புள்ள இறைச்சியைக் கொத்தமல்லி, பட்டையோடு வேகவைத்து, வெங்காயமும் கேரட்டோ கத்தரிக்காயோ சேர்த்து, வினிகரும் பேரீச்சம்பாகும் ஊற்ற வேண்டும். குங்குமப்பூ நிறம் தரும். பாதாம், திராட்சை, உலர்ந்த அத்தியை மேலே தூவி, கடைசியில் ரோஜாப் பன்னீர் தெளிக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதைக் கற்பனை என்பது அநியாயம்.

சரி, ஊகமே இல்லையா? உண்டு. பல குறிப்புகளில் அளவு இல்லை. பார்லியைப் பூஞ்சை பிடிக்கவிட்டுச் செய்த முர்ரி என்ற உப்புச் சாறு இன்று கடைகளில் கிடைப்பதில்லை. ஆய்வாளர் சார்லஸ் பெர்ரி அதைத் தயாரித்துப் பார்த்தார். சோயா சாஸ் போலவே இருந்தது. அதனால் சோயா சாஸை மாற்றாக ஊற்றுவது நியாயம்தான். தக்காளி, மிளகாய் போட்டு "கலீபா விருந்து" என்றால் மட்டும் நம்பாதீர்கள். அவை 1492க்கு அப்புறம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.