பிறகு எதற்குய்யா எங்களிடம் கேட்டீர்கள்?

காலையில் சி.ஆர். (வகுப்புப் பிரதிநிதி) வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். ஐந்தாம் செமஸ்டரில் நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டிய பாடங்களான புரொஃபஷனல் எலக்டிவ் இரண்டும் முடிவாகிவிட்டதாம், செக்‌ஷன் மொத்தத்துக்கும் அதே இரண்டு பேப்பர்தானாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வயிறு எரிகிறது.

அப்புறம் அந்த கூகுள் ஃபார்ம் எதற்கு? ராத்திரி ஒன்பது மணிக்கு லிங்க் வருகிறது, காலை எட்டு மணிக்குள் நிரப்பியே ஆக வேண்டும், நிரப்பாதவர்கள் இன்டர்னல் மார்க்கை மறந்துவிடுங்கள் என்று மிரட்டல் வேறு. நாங்களும் நம்பி, சிலபஸ் பி.டி.எஃப்.பைத் திறந்து யூனிட் யூனிட்டாகப் படித்து, சீனியர் அக்காக்களுக்கு போன் போட்டு, எது முதலில் எது இரண்டாவது என்று ஹாஸ்டல் வராந்தாவில் பாதி ராத்திரி வரை பேசிப் பேசி நிரப்பினோம். நான் முதலில் போட்டது டெக்ஸ்ட் அண்ட் ஸ்பீச் அனாலிசிஸ். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிற ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும் என்பது முதல் வருடத்திலிருந்தே என் ஆசை, அதற்கான அடிப்படை அந்தப் பேப்பரில்தான் இருக்கிறது. என் ரூம்மேட் கேம் டெவலப்மென்ட் போட்டாள், அவளுக்கு அது உயிர்.

மதியம் நாலு பேர் சேர்ந்து துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி. அறைக்குப் போனோம்.

"சார், ஃபார்ம்ல நாங்க கேட்டது வேற சார்."

"அது சும்மா ஒரு ஃபீட்பேக்குக்கும்மா."

"அந்தப் பேப்பரை நிறைய பேர் கேட்டிருக்கோம் சார்."

"எடுக்க ஸ்டாஃப் இல்லையே."

"போன வருஷம் எடுத்த மேடம் சார்?"

"அவங்க ரிலீவ் ஆயிட்டாங்க."

"அப்போ புதுசா யாரையாவது..."

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். "இப்போ போட்டிருக்கிற ரெண்டும் ஸ்கோரிங் பேப்பர்மா. போன பேட்ச் எல்லாரும் பாஸ். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆர்வம் இருந்தா என்.பி.டி.இ.எல்.ல பாத்துக்கோங்க."

சரி, ஐ.ஐ.டி.கள் நடத்துகிற அந்த ஆன்லைன் பாடத்துக்காவது கிரெடிட், அதாவது பட்டக் கணக்கில் சேருகிற புள்ளி, கொடுங்கள் என்றோம். ஒரு 12 வாரக் கோர்ஸ், வாராவாரம் அசைன்மென்ட், அதற்கு 25 மார்க், நேரில் போய் எழுதுகிற தேர்வுக்கு 75. காசு கட்டி, கஷ்டப்பட்டுப் படிக்க நாங்கள் தயார். என்.பி.டி.இ.எல். பாடங்கள் வருகிற மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை கிரெடிட் எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2021-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. அதற்கு அவர் சொன்ன பதில்: "முன்னாடியே அப்ரூவல் வாங்கியிருக்கணும், தேதி முடிஞ்சுபோச்சு." எந்தத் தேதி? யார் சொன்னார்கள்? எந்த நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்கள்? அந்தக் கேள்வி வாய்வரைக்கும் வந்தது, பக்கத்தில் நின்றவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள், அவளுக்கு லேப் மார்க் அவரிடம்தான் இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் எங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் (சி.எஸ்.இ.) படிப்புக்கு டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, கிரியேட்டிவ் மீடியா என்று வரிசையாக வெர்டிகல்கள், அதாவது எலக்டிவ் பாடத் தொகுப்புகள், இருக்கின்றன. கூடுதலாக 18 கிரெடிட் எடுத்தால் ஹானர்ஸ் பட்டமே வாங்கலாம். கவுன்சலிங் நேரத்தில் அப்பாவிடம் இதையெல்லாம் காட்டித்தானே ஃபீஸ் வாங்கினார்கள்? பாடத்திட்டத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் என்ன வெளியே கொண்டுவந்தது? 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்றது, 224 கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. இந்த லட்சணத்தில், பேப்பர் எடுக்க ஸ்டாஃப் இல்லை என்று மாணவர்களிடம் எப்படிக் கூசாமல் சொல்ல முடிகிறது? நல்ல மேடம் ஒருவர் குறைந்த சம்பளத்தில் மூன்று பேப்பரைச் சுமந்து, நாக் தர மதிப்பீட்டு ஃபைல், அட்மிஷன் வேலை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெறுத்துப்போய் வெளியேறுகிறார். அந்த இடத்தை நிரப்புவதில்லை. மிச்சம் இருக்கிற இரண்டு பேருக்கு எது தெரியுமோ அதுதான் எங்கள் எலக்டிவ்.

இரண்டு பேப்பர்தான் நடத்த முடியும் என்றால் முதலிலேயே சொல்லித் தொலையுங்கள். கோபப்படுவோம், ஆனால் புரிந்துகொள்வோம். நாற்பது பேப்பரைக் காட்டி, வரிசைப்படுத்தச் சொல்லி, ஆசையைக் கிளப்பிவிட்டு, கடைசியில் அது ஃபீட்பேக் என்று சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த வருடம் ஓப்பன் எலக்டிவ் வருகிறது. அதுவும் வேறு டிபார்ட்மென்ட்டில் அன்றைக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் எடுப்பதுதான் என்று சீனியர்கள் இப்போதே சொல்கிறார்கள்.

சரி, நாங்களாகவே படித்துக்கொள்ளலாம் என்று லைப்ரரிக்குப் போனால் அதுவும் பூட்டியிருக்கிறது. வகுப்பு நாலரைக்கு முடிகிறது, லைப்ரரியை நாலேகாலுக்குப் பூட்டுகிறார்கள். நடுவில் போகலாம் என்றால் அட்டெண்டன்ஸ் போய்விடும். புத்தகத்தையெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து யாருக்காகய்யா காவல் காக்கிறீர்கள்?